செவ்வியல் அறிவியல் புனைகதைகளுக்குப் பிறர் எழுதிய முன்கதைகள்: எதைப் படிப்பது, எதை விடுவது

ஃபிராங்க் ஹெர்பர்ட் 'டியூன்' வரிசையில் எழுதியவை 6 நாவல்கள். 1986இல் அவர் இறந்தார். அவருடைய மகன் பிரையன் ஹெர்பர்ட்டும் கெவின் ஜே. ஆண்டர்சனும் சேர்ந்து 1999 முதல் அதே உலகத்தில் எழுதிக் குவித்தவை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை முன்கதைகள். ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசைக்கு மூன்று எழுத்தாளர்கள் ஆளுக்கொரு முன்கதை எழுதியிருக்கிறார்கள். லாரி நிவனின் 'ரிங்வேர்ல்ட்', ஆர்சன் ஸ்காட் கார்டின் 'எண்டர்ஸ் கேம்', ஹெச். ஜி. வெல்ஸின் செவ்வாய்வாசிகள், ஜூல் வெர்னின் கேப்டன் நெமோ என்று எதற்கும் யாரோ ஒருவர் 'அதற்கு முன் என்ன நடந்தது' என்று எழுதி வைத்திருக்கிறார். மூல நாவலை முடித்துவிட்டு அந்த உலகத்திலிருந்து வெளியேற மனமில்லாமல் நிற்கும் வாசகர் இவற்றில் எதை எடுப்பது? எடுக்கத்தான் வேண்டுமா?

இதற்கு வழக்கமாக இரண்டு அளவுகோல்களைச் சொல்வார்கள். எழுதியவர் வாரிசா, அல்லது வாரிசுகளிடம் அனுமதி வாங்கியவரா என்பது ஒன்று. மூலத்தோடு முரண்படாமல் இருக்கிறதா என்பது மற்றொன்று. இரண்டையும் நான் பெரிதாக மதிப்பதில்லை. ரத்த உறவு நல்ல உரைநடையைத் தருவதில்லை. முரணே இல்லாத முன்கதையோ பெரும்பாலும் அட்டவணையைப் போல வறண்டு கிடக்கும்.

நான் பார்ப்பது வேறு. பெரிய நாவல் எதிலும் சொல்லாமல் விட்ட இடங்கள் இரண்டு வகையாக இருக்கும். சிலவற்றை ஆசிரியர் தெரிந்தே விட்டிருப்பார்; அந்த இருட்டுதான் கதைக்கு ஆழம் தருகிறது. வேறு சிலவற்றை, கதை இன்னொரு பக்கம் ஓடியதால், போகிறபோக்கில் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் விட்டிருப்பார். தெரிந்தே விட்ட இடத்தில் விளக்கேற்றும் முன்கதை மூலத்தைச் சிறிதாக்குகிறது. திரும்பிப் பார்க்காமல் விட்ட இடத்தில் குடியேறும் முன்கதைக்குச் சொந்தமாகச் சொல்ல ஏதோ இருக்கிறது. கீழே வரும் பரிந்துரைகள் எல்லாம் இந்த ஒரு பிரிவினையிலிருந்து வருபவை. மூல நாவல்களின் திருப்பங்கள் சிலவும் வெளிப்படையாக வருகின்றன. மூலத்தைப் படிக்காதவர்கள் கவனிக்க.

வரிசைப் பிரச்சினையை முதலில் முடித்துவிடலாம். கதை நடக்கும் காலப்படி முன்கதைதானே முதலில் வருகிறது, அதிலிருந்தே தொடங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். 'டியூன்' நாவலில், பாலைவனத்தில் ஒரு கூடாரத்துக்குள் தாயும் மகனும் ஒளிந்திருக்கும் இரவில்தான், தன் தாய் ஜெஸிகா யாருடைய மகள் என்பதை நாயகன் பால் கண்டுகொள்கிறான். தன் தந்தையைக் கொன்ற பாரன் ஹார்கோனனின் ரத்தம் தன் உடலிலும் ஓடுகிறது என்ற அந்த அதிர்ச்சி, முன்கதையைப் படித்துவிட்டு வருபவருக்குப் பழைய செய்தி. அசிமோவின் விஷயத்தில் சேதம் இன்னும் அதிகம். 1986இல் வந்த 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்' தன் கடைசிப் பக்கங்களில் ஒளித்து வைத்திருக்கும் பாத்திரத்தை, 1988இல் அவரே எழுதிய முன்கதையான 'பிரிலூட் டு ஃபவுண்டேஷன்' கையில் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. நூல்கள் வெளிவந்த வரிசையில் படிப்பதே சரி.

டியூன்: ஒன்று போதும்

எண்ணிக்கையில் பெரியது, சண்டையிலும் பெரியது டியூன் முன்கதைகள்தான். முதலில் வந்தவை 'ஹவுஸ் அட்ரெய்டிஸ்' (1999), 'ஹவுஸ் ஹார்கோனன்' (2000), 'ஹவுஸ் கொரினோ' (2001) ஆகிய மூன்று. மூல நாவலுக்கு ஏறத்தாழ ஒரு தலைமுறை முந்தைய கதை. பாலின் தந்தை லீட்டோ அட்ரெய்டிஸ் இளைஞனாக இருக்கிறான். பட்டத்து இளவரசன் ஷத்தாம் அரியணைக்காகத் தன் தந்தைக்கு விஷம் வைக்கிறான். சிறுவன் டங்கன் ஐடஹோ ஹார்கோனன்களின் வேட்டைப் பொருளாகக் காட்டில் ஓடுகிறான். அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. ஒவ்வொன்றும் ஒரு கொக்கியோடு முடியும். விறுவிறுப்புக்குக் குறைவில்லை.

குறை எங்கே என்றால், ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் பாத்திரங்கள் பேசுவதைவிடப் பேசாமல் விடுவதே அதிகம். ஒரு விருந்துக் காட்சியில் பத்துப் பேர் உட்கார்ந்து தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள். மேசைக்கு அடியில் ஒரு போர் நடந்துகொண்டிருக்கும். முன்கதைகளில் வருபவர்கள் தங்கள் சதித் திட்டத்தை வாய்விட்டு விளக்குகிறார்கள். வாசகருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

சொல்லாமல் விட்ட இடங்களை இவர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்பதற்கு மூன்று உதாரணங்கள் போதும். மூல நாவலில் லீட்டோவின் தந்தையைக் கொன்ற காளையின் தலை விருந்து மண்டபத்துச் சுவரில் தொங்குகிறது, கொம்பில் ரத்தக் கறையோடு. ஒரு பெரிய மனிதர் கூட்டத்தின் கைத்தட்டலுக்காகக் காளையோடு மோதி இறந்தார் என்பதற்கு மேல் ஹெர்பர்ட் எதுவும் சொல்வதில்லை. அந்தக் குடும்பத்து ஆண்களின் தலைவிதி முழுவதும் அந்த ஒரு பொருளில் அடங்கியிருக்கிறது. முன்கதையில் அந்தக் காளைக்கு மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. பின்னால் ஒரு சதி. தலைவிதி, துப்பறியும் கதையாகிவிட்டது. இரண்டாவது, பாரனின் உடல். மூலத்தில் அவர் தன் எடையைத் தாங்கும் கருவிகளை மாட்டிக்கொண்டு மிதக்கும் அளவுக்குப் பருத்தவர். பேராசை உடலெடுத்து வந்ததுபோல் வரையப்பட்ட உருவம் அது. முன்கதையோ, பெனி ஜெஸரிட் என்ற பெண்கள் அமைப்பைச் சேர்ந்த மோஹியம் பழிவாங்கத் தொற்றவைத்த நோய் அது என்கிறது. ஒரு மனிதனின் குணம் மருத்துவக் குறிப்பாகச் சுருங்கிப்போகிறது. இரண்டுமே ஹெர்பர்ட் தெரிந்தே விட்ட இடங்கள்.

மூன்றாவது உதாரணம் இவர்களுக்குச் சாதகமானது. மூல நாவலின் பின்னிணைப்பில் கோளியலாளர் பார்டாட் கைன்ஸின் வாழ்க்கை சில பக்கங்களில் வருகிறது. பாலைவனத்தைப் பசுமையாக்கலாம் என்று அங்கு வாழும் ஃப்ரெமன் மக்களை நம்ப வைத்த மனிதர். அவரைக் கொல்ல அனுப்பப்பட்டவன் அவர் பேச்சின் முன் செயலற்று, தன் கத்தியின் மீதே விழுகிறான். ஹெர்பர்ட்டின் கதை பால் பக்கம் போய்விட்டதால் இந்த மனிதர் பின்னிணைப்போடு நின்றுவிட்டார். 'ஹவுஸ் அட்ரெய்டிஸ்' அவரை எடுத்து முழுப் பாத்திரமாக்குகிறது. சொன்னதையே காதில் வாங்காமல் செடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே போகும் அந்தப் பித்தரின் பகுதிகளுக்காக மட்டுமே அந்த நாவலைப் பரிந்துரைப்பேன்.

முரண்பாடு தேடுபவர்களுக்கு ஓர் உபரி. மூல நாவலின் முதல் மேற்கோளிலேயே இளவரசி இருலான், பால் காலடான் கோளில் பிறந்தான் என்று எழுதுகிறாள். 'ஹவுஸ் கொரினோ' அவனைப் பேரரசின் தலைநகரான கைட்டனில் பிறக்க வைக்கிறது. பிறகு 2008இல் வந்த 'பால் ஆஃப் டியூன்', இருலான் வரலாற்றை மாற்றி எழுதினாள் என்று சமாதானம் சொல்கிறது. சமாதானம் சாமர்த்தியமானதுதான். ஆனால் மகன் எழுதிய கதையைக் காப்பாற்றத் தந்தையின் நாவலைப் பொய்யாக்க வேண்டியிருக்கிறதே என்பது உறுத்துகிறது.

அடுத்து வந்த மூன்று நாவல்கள், 'தி பட்லேரியன் ஜிஹாத்' (2002), 'தி மெஷின் குருசேட்' (2003), 'தி பேட்டில் ஆஃப் கோரின்' (2004). இவற்றை விட்டுவிடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். கதை சுமார் பத்தாயிரம் ஆண்டுகள் பின்னால் போகிறது. மூல நாவலில் 'பட்லேரியன் ஜிஹாத்' என்ற இந்தப் புனிதப் போரைப் பற்றி வருபவை சில வரிகள் மட்டுமே. சிந்திக்கும் வேலையை மனிதர்கள் இயந்திரங்களிடம் ஒப்படைத்தார்கள். விடுதலை கிடைக்கும் என்று நினைத்தார்கள். இயந்திரங்களை வைத்திருந்த மற்ற மனிதர்கள் அவர்களை அடிமையாக்கினார்கள். மோஹியம் பாலிடம் சொல்வது இவ்வளவுதான். கவனியுங்கள், அடிமையாக்கியவர்கள் மனிதர்கள். இன்றைக்குப் படித்தால் 1965இல் எழுதியதுபோலவே தோன்றாத வரி அது.

முன்கதையில் அந்த இடத்தில் ஆம்னியஸ் என்ற அனைத்தையும் ஆளும் கணினி மனம் வந்து உட்கார்கிறது. எராஸ்மஸ் என்ற எந்திரன் மனிதர்களை வெட்டிச் சோதனை செய்கிறது. ஒரு குழந்தையின் கொலையிலிருந்து போர் வெடிக்கிறது. டைட்டன்கள் என்ற மனிதக் கொடுங்கோலர்கள்தான் முதலில் இயந்திரங்களின் துணையோடு ஆட்சியைப் பிடித்தவர்கள் என்று ஒரு பின்னணியும் சொல்லப்படுகிறது, உண்மைதான். ஹெர்பர்ட்டின் வரிக்கு நெருக்கமான கதை அதுவே. ஆனால் நாவல் தொடங்கும்போது அது பழங்கதையாகிவிட்டது. அதை எழுதாமல் அதற்குப் பிந்தையதை எழுதியிருக்கிறார்கள். தவிரவும், விண்வெளி மாலுமிகள், மனிதக் கணினிகளான மெண்டாட்கள், சுக் மருத்துவர்கள், பெனி ஜெஸரிட்டின் மூதாதைகள், மணற்புழு சவாரி, அட்ரெய்டிஸ் ஹார்கோனன் பகை எல்லாமே ஏறக்குறைய ஒரே காலகட்டத்தில், ஒருவரை ஒருவர் அறிந்த கொஞ்சம் பேரிடமிருந்து பிறந்துவிடுகின்றன. பத்தாயிரம் ஆண்டுப் பேரரசு ஒரு குடும்ப விழாவின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

2024இல் வந்த 'டியூன்: பிராஃபஸி' தொடரைப் பார்த்துவிட்டு வருபவர்கள் அதற்கு அடிப்படையான 'சிஸ்டர்ஹுட் ஆஃப் டியூன்' (2012) நாவலைத் தேடுவார்கள். இயந்திரப் போருக்குப் பின் ஒரு பள்ளி எப்படி அதிகார மையமாகிறது என்பது அதன் கரு. 'பட்லேரியன்' மூன்றையும்விட நன்றாகவே இருக்கிறது, ஆனால் அந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது. 2020 முதல் 2022 வரை வந்த காலடான் வரிசை மூல நாவலுக்குச் சற்று முன் நடப்பது. முடிவு தெரிந்த கதையில் மூன்று நாவல் அளவுக்குச் சதிகளை ஓட்டுவது வாசகருக்கும் களைப்பு.

ஆகவே டியூனைப் பொறுத்தவரை 'ஹவுஸ் அட்ரெய்டிஸ்' ஒன்று போதும். அதையும் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன் மெசையா', 'சில்ட்ரன் ஆஃப் டியூன்', 'காட் எம்பரர் ஆஃப் டியூன்' ஆகியவற்றைப் படித்த பிறகு. முதல் நாவலோடு நிறுத்திவிட்டு முன்கதைக்குப் போகிறவர்கள் நல்ல பாதியைத் தவறவிடுகிறார்கள்.

ஃபவுண்டேஷன்: மூன்று கைகள், மூன்று குணங்கள்

'ஃபவுண்டேஷன்' விஷயத்தில் சிக்கல் வேறு மாதிரி. பத்திரிகையில் 1942 முதல் வெளிவந்த கதைகளைத் தொகுத்து 1951இல் நூலாக்கியபோது, தொடக்கத்தில் ஒரு பகுதி வேண்டும் என்று அசிமோவ் புதிதாக எழுதிச் சேர்த்ததுதான், பேரரசின் வீழ்ச்சியைக் கணித்த கணிதவியலாளர் ஹாரி செல்டனின் விசாரணை வரும் முதல் பகுதி. அதாவது அந்த நூலின் முதல் பக்கங்களே ஒரு முன்கதைதான். அதன் பிறகு செல்டன் செத்துப்போகிறார். பதிவு செய்யப்பட்ட உருவமாக அவ்வப்போது பெட்டகத்தில் தோன்றிப் பேசிவிட்டு மறைகிறார். அவர் இல்லாமல் இருப்பதுதான் கதையின் இயந்திரம். தனிமனிதர்களைக் கணிக்க முடியாது, பெருந்திரளைத்தான் கணிக்க முடியும் என்பது அவருடைய உளவரலாற்றின் அடிப்படை விதி. அப்படிப்பட்ட கதைக்கு ஒரு தனிமனிதனை நாயகனாக்கி முன்கதை எழுதினால் விதியே உடைகிறது. 'பிரிலூட்' நாவலிலும், 1992இல் அவர் இறந்த பின் 1993இல் வெளிவந்த 'ஃபார்வர்ட் த ஃபவுண்டேஷன்' நாவலிலும் அசிமோவே அந்த விதியை உடைத்தார். பிந்தையது ஒரு முதியவரின் விடைபெறல் போன்ற நூல். செல்டனின் மனிதர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்துபோகிறார்கள். குறைகளோடு எனக்குப் பிடித்த நூல்.

வாரிசுகளின் அனுமதியோடு இதன் இடைவெளிகளுக்குள் வந்தவை மூன்று: கிரெகரி பென்ஃபோர்டின் 'ஃபவுண்டேஷன்ஸ் ஃபியர்' (1997), கிரெக் பேரின் 'ஃபவுண்டேஷன் அண்ட் கேயாஸ்' (1998), டேவிட் பிரினின் 'ஃபவுண்டேஷன்ஸ் டிரையம்ஃப்' (1999).

பென்ஃபோர்ட் இயற்பியலாளர். அவருக்கு அசிமோவின் உலகத்தில் நிறையத் திருத்த வேண்டியிருந்தது. மிகைவெளித் தாவல்களின் இடத்தில் புழுத்துளைகளைக் கொண்டுவந்தார். பேரரசின் தலைநகரான ட்ரான்டார் கோளின் கணினி வலைக்குள் வால்டேரையும் ஜோன் ஆஃப் ஆர்க்கையும் உருவகப்படுத்தல்களாக எழுப்பினார். நம்பிக்கைக்கும் பகுத்தறிவுக்கும் இடையே அவர்கள் பக்கம் பக்கமாக வாதாடுகிறார்கள். செல்டனும் அவர் மனைவி டார்ஸும் சிம்பன்ஸிகளின் மனதுக்குள் புகுந்து காட்டில் வாழும் ஒரு நீண்ட பகுதி உண்டு. அந்தப் பகுதி தனிக் குறுநாவலாக நின்றிருந்தால் கொண்டாடியிருப்பேன். இங்கே அது விருந்தாளி வீட்டுக்காரரின் கட்டிலில் படுத்துக்கொண்டதுபோல் இருக்கிறது. அசிமோவின் எளிய உரையாடல் நடையை எதிர்பார்த்து வருபவர்கள் நூறு பக்கத்துக்குள் திரும்பிவிடக்கூடும்.

ஆனால் அதே நாவலில்தான் இந்த மூன்றின் மிகச் சிறந்த சிந்தனை விதைக்கப்படுகிறது. அசிமோவின் பால்வெளியில் மனிதர்களைத் தவிர வேறு அறிவுயிர்கள் ஏன் இல்லை? பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பலோடு மனிதர்களா வேற்றுக்கோளினரா என்று மல்லுக்கட்ட விரும்பாததால் அசிமோவ் அப்படி வைத்தார் என்பது வெளியே உள்ள காரணம். கதைக்குள் அதற்குக் காரணமே இல்லை. திரும்பிப் பார்க்காமல் விட்ட இடம் என்றால் இதுதான். முன்கதைகள் தரும் விடை இது: எந்திரன்களின் முதல் விதி மனிதர்களைக் காக்கச் சொல்கிறது, மனிதர்களை மட்டும். அந்த விதிக்குக் கீழ்ப்படிந்த எந்திரன்கள், மனிதர்கள் வந்து சேரும் முன்பே பால்வெளியைச் சுத்தம் செய்துவிட்டன. அசிமோவ் வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பானவை என்று காட்டிய அதே மூன்று விதிகளிலிருந்து இந்தக் கொடூரம் தர்க்கப்படி வருகிறது. மூலத்தை மறுபடி படிக்கும்போது அந்த ஆளற்ற விண்மீன்கள் வேறுவிதமாகத் தெரிகின்றன.

கிரெக் பேரின் நாவல் மூன்றிலும் அளவானது. 1951இல் எழுதப்பட்ட அந்த விசாரணையின் மறுபக்கத்தில் நடக்கிறது. நீதிமன்றத்தில் நாம் ஏற்கெனவே கேட்ட கேள்விகள் ஒரு புறம் ஓட, மறுபுறம் லோடோவிக் ட்ரீமா என்ற எந்திரன், வெடித்த ஒரு விண்மீனின் வீச்சில் சிக்கி, மூன்று விதிகளின் பிடியிலிருந்து விடுபடுகிறான். கட்டாயம் போன பிறகும் நல்லது செய்ய அவனுக்குத் தோன்றுமா? பேரின் கேள்வி அது. அதைக் கேட்டுவிட்டுப் பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் நகர்கிறார்.

பிரின் வாதம் பிடித்தவர். விசாரணைக்குப் பின், கடைசிக் காலத்தில், சக்கர நாற்காலி வாழ்க்கையின் சலிப்பிலிருந்து செல்டனை இழுத்துக்கொண்டு விண்வெளிக்குப் போகிறார். இழுப்பவன் ஹோரிஸ் ஆண்டிக் என்ற சாதாரண அரசு ஊழியன். பல கோள்களின் மண் ஒரே விதமாக உழப்பட்டிருக்கிறதே என்று தற்செயலாகக் கண்டவன். யார் உழுதது என்று தேடிப் போனால் மேலே சொன்ன விடை காத்திருக்கிறது. மனித குலத்தின் எதிர்காலத்தை மனிதர்களிடம் சொல்லாமலேயே தீர்மானித்துக்கொண்டிருக்கும் டேனீல் ஒலிவா என்ற எந்திரனோடு செல்டன் கடைசியில் ஒரு பந்தயம் கட்டுகிறார். ஆயிரம் ஆண்டு கழித்தும் ஃபவுண்டேஷன் தொகுக்கும் கலைக்களஞ்சியம் அச்சாகிக்கொண்டிருக்குமா என்பதே பந்தயம். அசிமோவின் முதல் நூலில் அத்தியாயத் தலைப்பில் வரும் மேற்கோள்கள், ஃபவுண்டேஷன் ஆண்டு 1020இல் வந்த 116ஆம் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஓர் அடிக்குறிப்பு உண்டு. யாரும் இரண்டாம் முறை பார்க்காத குறிப்பு. பிரின் பார்த்திருக்கிறார். பந்தயத்தில் வென்றது யார் என்பதை அசிமோவே 1951இல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஃபவுண்டேஷன் வாசகருக்கு என் யோசனை: அசிமோவின் 7 நூல்களையும் முடித்த பிறகு, பேர், பிரின் என்ற வரிசையில் இரண்டைப் படியுங்கள். பென்ஃபோர்டைக் கடைசியில், பிடித்தால் மட்டும். மூன்றையும் எண் வரிசையில்தான் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வால்டேரும் ஜோனும் யார் என்பது தெரிந்திருந்தால் போதும்.

அசிமோவின் இன்னொரு பக்கத்துக்கும் முன்கதை உண்டு. மருத்துவரான மிக்கி ஸக்கர் ரைகர்ட் 2011 முதல் 2016 வரை எழுதிய மூன்று நாவல்கள், எந்திரன் உளவியலாளர் சூசன் கால்வினின் இளமையைச் சொல்கின்றன. 'ஐ, ரோபோ' நூலின்படி கால்வின் 1982இல் பிறந்து 2008இல் பணியில் சேர்ந்தவர். அந்த ஆண்டுகள் நிஜத்தில் கடந்துவிட்டதால் முன்கதையை 2035க்குத் தள்ளியிருக்கிறார்கள்; அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். மருத்துவமனைக் காட்சிகளில் தொழில் தெரிந்த கை இருக்கிறது. ஆனால் 'லையர்!' என்ற ஒரே கதையில், ஒரு பொய்யால் அவமானப்பட்டு, அந்தப் பொய் சொன்ன எந்திரனை உடைத்துப்போடும் கால்வினின் மனதை ஒரு கணம் பார்த்தோமே, அந்த ஒரு கணம்தான் மற்ற கதைகளில் அவர் முகத்தை இறுக்கமாக்குகிறது. முன்கதையில் அவருக்குக் காதலும் இழப்பும் வெளிப்படையாகத் தரப்படும்போது இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. முதல் நூலை ஒரு மருத்துவத் திகில் கதையாகப் படிக்கலாம். கால்வினுக்காக என்றால் வேண்டாம்.

அதிகம் பேசப்படாதவை

என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டால் கிறிஸ்டோபர் பிரீஸ்டின் 'தி ஸ்பேஸ் மெஷின்' (1976) என்பேன். 'டைம் மெஷின்' (1895), 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' (1898) ஆகிய வெல்ஸின் இரு நாவல்களையும் இது ஒரே கதையாக முடிச்சுப் போடுகிறது. வெல்ஸ் தாண்டிப்போன இரண்டு இடங்கள் இதன் அடித்தளம். பூமி ஓடிக்கொண்டே இருக்கிறது. காலத்தில் மட்டும் நகர்ந்தால் இறங்கும்போது காலடியில் பூமி இருக்காது. ஆகவே காலப்பொறி என்றால் அது வெளிப்பொறியாகவும் இருந்தாக வேண்டும். இது ஒன்று. செவ்வாய்வாசிகள் வழியில் உணவாகக் கொள்ள இரண்டு கால் உயிர்களைத் தங்கள் உருளைகளில் கொண்டுவந்திருந்தார்கள் என்று வெல்ஸ் சில வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த உயிர்கள் யார், அங்கே எப்படி வாழ்ந்தார்கள்? இது இரண்டாவது.

எட்வர்ட் என்ற விற்பனைப் பிரதிநிதியும் அமீலியா என்ற இளம்பெண்ணும் தவறுதலாகச் செவ்வாய்க்குப் போய்ச் சேர்கிறார்கள். அங்கே அடிமைப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், அவர்கள் ரத்தத்தில் வாழும் அரக்கர்கள், பூமி மீதான படையெடுப்புக்கான ஏற்பாடு. விக்டோரியா காலத்து உரைநடையைப் பிரீஸ்ட் அச்சு அசலாகப் பிடித்திருக்கிறார். உலகமே அழியப்போகிற நேரத்திலும் திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் உறங்குவது முறையா என்று எட்வர்ட் கூச்சப்படுவது நல்ல நகைச்சுவை. அந்தக் கூச்சத்துக்கு அடியில் கசப்பு ஒன்றும் இருக்கிறது: வேற்றுக்கோளினர் லண்டனுக்குச் செய்வதைத்தான், அதற்கு முன் தங்கள் கோளின் மக்களுக்கும் செய்திருக்கிறார்கள். தன் நாட்டின் காலனி ஆட்சியை நினைத்து வெல்ஸ் எழுதிய நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான முன்கதை வராது. வெல்ஸே ஒரு பாத்திரமாக வருவது கொஞ்சம் குறும்பு. அனுமதித்துவிடலாம். ஸ்டீபன் பாக்ஸ்டரின் 'டைம் ஷிப்ஸ்' (1995), 'தி மாசகர் ஆஃப் மேன்கைண்ட்' (2017) ஆகியவை தொடர்ச்சிக் கதைகள். தேடும்போது குழம்ப வேண்டாம்.

நிவனின் 'ரிங்வேர்ல்ட்' (1970) வாசகர்களுக்குத் தயக்கமே தேவையில்லை. நிவனும் எட்வர்ட் எம். லெர்னரும் சேர்ந்து எழுதிய 'ஃப்ளீட் ஆஃப் வேர்ல்ட்ஸ்' (2007), வளைய உலகம் கண்டுபிடிக்கப்படுவதற்கு 200 ஆண்டுகள் முன் நடக்கிறது. இரண்டு தலை, மூன்று கால் கொண்ட பப்பட்டீயர்கள் பால்வெளி மையத்தின் வெடிப்புக்குப் பயந்து தங்கள் கோள்களோடு தப்பி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கோழைத்தனமே அறமாக இருக்கும் அந்த இனத்தின் உள்வாழ்க்கையை மூல நாவல் வெளியிலிருந்துதான் காட்டியது. முன்கதையில் அவர்களுக்குச் சேவை செய்து வாழும் ஒரு மனிதக் கூட்டம் இருக்கிறது; தங்கள் முன்னோர் யார், பூமி எங்கே என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரியவிடப்படவும் இல்லை. மூல ஆசிரியர் கூடவே இருந்ததால் முரண்பாடு குறைவு என்பதைவிட, கேள்வி புதிது என்பதே இதன் பலம். அடுத்து வந்த 'ஜக்லர் ஆஃப் வேர்ல்ட்ஸ்' (2008), நிவனின் பழைய சிறுகதைகளை ஒரு சந்தேகப் பிராணியின் கண்ணால் திருப்பிச் சொல்கிறது. அந்தக் கதைகளைப் படிக்காதவருக்கு அதில் பாதி சுவைதான் கிடைக்கும்.

கார்டும் ஆரன் ஜான்ஸ்டனும் எழுதிய 'எர்த் அன்அவேர்' (2012) முதலான நாவல்கள் 'எண்டர்ஸ் கேம்' வாசகருக்கு நல்ல பொழுதுபோக்கு. சூரியக் குடும்பத்தின் விளிம்பில் சுரங்கம் தோண்டும் குடும்பக் கப்பல்கள்தான் வேற்றுக்கோளினரை முதலில் பார்க்கின்றன. செய்தியைப் பூமிக்குச் சேர்க்க முடியாமல் தவிக்கும் பகுதி உண்மையாகவே பதற வைக்கிறது. எண்டரின் கதையில் உள்ள குற்றவுணர்வு இதில் இல்லை. எதிர்பார்க்காமல் போனால் ஏமாற்றமும் இல்லை.

கடைசியாக நெமோ. என் பிரிவினைக்குள் சரியாக அடங்காத ஆள் இவர். 'கடலுக்கடியில் 20,000 லீக்' கதையில் தன் நாட்டையும் பெயரையும் மறைத்துக்கொண்டு திரிகிறாரே, அந்த மௌனம் வெர்ன் தானாக விரும்பியது அல்ல. ருஷ்யர்களால் குடும்பத்தை இழந்த போலந்துக்காரராகவே அவரைப் படைக்க நினைத்தார். பதிப்பாளர் ஹெட்செல் ஒப்புக்கொள்ளவில்லை. நாடில்லாத மனிதராக நெமோ பெரியவராகிவிட்டார். பிறகு 1875இல் வந்த 'மர்மத் தீவு' நாவலில் வெர்ன் தானே விடை சொன்னார்: பண்டேல்கண்டின் இளவரசர் டாக்கர், திப்பு சுல்தானின் உறவினர், 1857 எழுச்சியில் எல்லாவற்றையும் இழந்தவர். 2002இல் அதே கெவின் ஜே. ஆண்டர்சன் எழுதிய 'கேப்டன் நெமோ' இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நெமோவை வெர்னின் பால்ய நண்பரான பிரெஞ்சுக்காரராக்குகிறது. வெர்னின் சாகசங்கள் எல்லாம் நண்பனுக்கு நிஜத்தில் நடந்தவையாம். படிக்கச் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பேரரசின் மீதான கோபத்தையே எரிபொருளாக வைத்துக் கப்பல் ஓட்டிய மனிதரிடமிருந்து அந்தக் கோபத்தின் காரணத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு நல்ல மாலுமிதான். நெமோவின் முன்கதை வேண்டும் என்பவர்கள் 'மர்மத் தீவு' நாவலின் கடைசிப் பகுதிக்குப் போகலாம். சுருக்கப் பதிப்புகளில் அந்தப் பகுதி வெட்டப்பட்டிருக்கலாம். ஆகவே முழுப் பதிப்பாகப் பார்த்து எடுங்கள்.